பேனிக் அட்டாக் வந்தால் மூச்சை இழுக்காதீர்கள், முதலில் விடுங்கள்

பேனிக் அட்டாக், அதாவது திடீரெனப் பிடித்துக்கொள்ளும் கடும் பயம், எனக்கு முதல் தடவை வந்தது இரவு பதினொரு மணிக்கு. விரல் நுனி மரத்துப்போய், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. மூச்சு போதவில்லை என்று வாயைத் திறந்து இழுத்துக்கொண்டே இருந்தேன். கொரோனா சமயத்தில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்க வாங்கிய ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 99 சதவீதம் காட்டியது. மெஷின் கெட்டுப்போச்சு என்று வேறு விரலில் மாட்டினேன். அதிலும் 99.

மெஷின் சரிதான். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது குறைவது ஆக்ஸிஜன் அல்ல, கார்பன் டை ஆக்சைடு. அது குறைந்தால் ரத்தத்தில் காரத்தன்மை கூடும். மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். நரம்புகள் முறுக்கேறி விரல்களில் ஊசி குத்தும். அதைக் கண்டு இன்னும் பயம், இன்னும் வேக மூச்சு. பக்கத்தில் இருப்பவர் "நல்லா மூச்சை இழு" என்பது எரிகிற தீயில் எண்ணெய்தான்.

ஒன்று: உட்காருங்கள். ஒரு கை வயிற்றின் மேல் இருக்கட்டும்.

இரண்டு: இழுக்காமல், உள்ளே இருப்பதை முதலில் விடுங்கள். சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல, உதட்டைக் குவித்து மெதுவாக.

மூன்று: வாயை மூடி, மூக்கு வழியாக 4 எண்ணும்வரை சின்ன மூச்சு. மல்லிகையை முகர்ந்து பார்க்கும் அளவு போதும். வயிற்றின் மேலுள்ள கை எழ வேண்டும், தோள் எழக்கூடாது.

நான்கு: 6 எண்ணி விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு தானாகவே சற்றுத் தணியும். 6 கஷ்டமென்றால் 3 எண்ணி இழுத்து 4 எண்ணி விடலாம்.

பலரும் கைவிடுவது இங்கேதான். இரண்டு மூன்று சுற்றில் காற்று போதாததுபோல இருக்கும், பெரிதாகக் கொட்டாவி விடத் தோன்றும். ஒரு பெருமூச்சு விட்டால் சேர்த்த கார்பன் டை ஆக்சைடெல்லாம் போச்சு. எச்சிலை விழுங்கிவிட்டு அடுத்த சின்ன மூச்சுக்குப் போங்கள். சில நிமிடங்கள் பிடிக்கும்.

சினிமாவில் வரும், காகிதப் பைக்குள் மூச்சு விடும் வைத்தியம் வேண்டாம்; ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து. நெஞ்சுவலி கை, தாடைக்குப் பரவினாலோ, மயக்கம் வந்தாலோ, இது பேனிக் என்று நீங்களே முடிவு கட்டாமல் 108ஐ அழையுங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு கூடினாலும் இப்படிப் படபடக்கும்.

அப்புறம், பயிற்சியைப் பதற்றம் இல்லாத நேரத்தில் தினமும் ஐந்து நிமிடம் செய்யுங்கள். நான் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது செய்கிறேன்.