நெர்வஸா, ஷேக்கியா, ஜிட்டரியா? சரியான சொல்லைப் பிடிக்கும் வழி

நேர்காணலுக்கு முந்தைய நாள் நண்பருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். பதற்றமாக இருக்கிறது என்பதற்கு ‘ஷிவரி’ என்று போட்டுவிட்டேன். ‘காய்ச்சலா? மாத்திரை போட்டாயா?’ என்று பதில் வந்தது. அகராதியில் ‘நடுக்கம்’ என்று பார்த்து எடுத்த சொல் அது. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது.

படி 1: நடுங்குவது மனமா, உடலா என்று கேளுங்கள். மனம் என்றால் நெர்வஸ், ஆங்ஷியஸ். உடல் என்றால் ஷிவரி, ஷேக்கி, ட்ரெமுலஸ். ஜிட்டரியும் ஜம்பியும் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை.

படி 2: மனம் என்றால், எவ்வளவு நேரம்? மேடை ஏறுமுன் வயிற்றைப் பிசைவது நெர்வஸ்; பேசி முடித்ததும் போய்விடும். பரிசோதனை முடிவு வரும்வரை தூக்கத்தைக் கெடுப்பது ஆங்ஷியஸ். நெரிப்பது, இறுக்குவது என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. இதில் ஒரு கண்ணி உண்டு. ‘ஆங்ஷியஸ் அபௌட்’ என்றால் கவலை. ‘ஆங்ஷியஸ் டு’ என்று ஒரு வினையோடு சேர்ந்தால் பெரும்பாலும் ஆவல். ‘ஷி இஸ் ஆங்ஷியஸ் டு மீட் யூ’ என்றால் அவர் உங்களைக் கண்டு அஞ்சவில்லை, பார்க்கத் துடிக்கிறார். நம் ‘துடிப்பு’ம் வலிக்கும் ஆவலுக்கும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள்.

படி 3: உடல் என்றால், எதனால்? குளிரிலோ காய்ச்சலிலோ வெடவெடத்தால் ஷிவரி. பசி, களைப்பு, அதிர்ச்சியால் கை உதறினால் ஷேக்கி. காபி மேல் காபி குடித்துவிட்டு, உட்கார முடியாமல் கால் தானாக ஆடினால் ஜிட்டரி. கதவு சாத்தும் சத்தத்துக்கே தூக்கிவாரிப்போட்டால் ஜம்பி. அழுகையை அடக்கிப் பேசும் குரல் ட்ரெமுலஸ். கதைகளில் அழகு, அன்றாடப் பேச்சில் செயற்கை.

படி 4: மனிதரை எடுத்துவிட்டுப் பொருளை வைத்துப் பாருங்கள். கால் ஆடும் நாற்காலி ஷேக்கி. வலுவில்லாத வாதமும் ஷேக்கி. விலைகள் தடுமாறும் பங்குச்சந்தை ஜிட்டரி. நாற்காலி ஒருநாளும் நெர்வஸ் ஆகாது.

படி 5: ‘ஐ ஆம் நெர்வஸ்’ என்பது இந்த நேரத்து நிலை, ‘ஐ ஆம் எ நெர்வஸ் பர்சன்’ என்பது பிறவிச் சுபாவம். நேர்காணலில் முதலாவதைச் சொன்னால் புன்னகையோடு தண்ணீரை நகர்த்தி வைப்பார்கள். இரண்டாவதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.