வறண்ட கோடையில் மேய்ச்சல் மந்தையைக் காப்பது

கோடை முற்றிய பிறகு செய்ய முடிகிற வேலை குறைவு. புல் காய ஆரம்பிக்கும்போதே நிலத்தில் இருப்பு எவ்வளவு, அது எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்குப் போட்டுவிட வேண்டும். எதை விற்பது, எப்போது தீவனம் வாங்குவது, எந்த நிலத் துண்டில் அடைப்பது என்பதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் வரும். கண்ணால் பார்த்துச் சொல்கிற மதிப்பு பெரும்பாலும் தவறிப்போகும். நிற்கும் காய்ந்த புல் அடர்த்தியாகத் தெரியும். அறுத்து நிறுத்துப் பார்த்தால் பாதிகூட இருக்காது.

புல் இருப்பை அளப்பது

அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் கம்பியால் ஒரு சதுரச் சட்டம் செய்துகொள்ளுங்கள். நிலத்தின் குறுக்கே நடந்தபடி 15 முதல் 20 இடங்களில் அதை எறியுங்கள். நல்ல புல்லாகப் பார்த்துப் போட்டால் கணக்கு கெட்டுவிடும்; வெறும் தரையில் விழுந்தால் அங்கே பூஜ்யம் என்றே எழுதுங்கள். சட்டத்துக்குள் மாடு தின்னக்கூடிய புல்லை மட்டும் தரையோடு அறுத்து, எடை மேலும் குறையாத வரை வெயிலில் காயவைத்து நிறுங்கள். சராசரி கிராமை 16-ஆல் பெருக்கினால் ஓர் ஏக்கரில் உள்ள உலர்புல் கிலோவில் கிடைக்கும்.

சராசரி 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 480 கிலோ. அதில் 40 சதவீதத்தை மட்டுமே மாட்டின் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். மீதி மிதிபட்டும், சாணம் பட்டும், கரையானுக்கும் போகும். கொஞ்சம் தூரைக் காக்க நிற்கவும் வேண்டும். ஆக 192 கிலோ. 400 கிலோ எடையுள்ள மாடு, உடல் எடையில் 2.5 சதவீதம் என்ற கணக்கில், நாளுக்கு 10 கிலோ உலர்தீவனம் தின்னும். 20 மாடு இருந்தால் 200 கிலோ. அதாவது ஓர் ஏக்கர் ஒரு நாளைக்குக்கூட முழுதாகப் போதாது. 60 ஏக்கர் இருந்தாலும் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வரும்.

மழைக்கு மூன்று மாதம் இருக்கிறது, புல் இரண்டு மாதத்துக்குத்தான் என்றால், மூன்றில் ஒரு பங்கு மந்தையை இப்போதே குறைக்க வேண்டும், அல்லது அந்த ஒரு மாதத் தீவனத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். தள்ளிப்போட்டால் விற்கும்போது மாடும் மெலிந்திருக்கும், புல்லும் மிச்சமிருக்காது. முதலில் போக வேண்டியவை பல் தேய்ந்த கிழ மாடுகள், சினை நிற்காதவை, நொண்டுபவை, தேவைக்கு அதிகமான காளைகள். அடுத்து வளர்ந்த கன்றுகள். சினையாக உள்ள இளம் பசுக்கள் கடைசி வரை இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு மந்தையைத் திரும்பக் கட்டுவது அவற்றிலிருந்துதான். கறக்காத மந்தையில் மூன்று மாதம் தாண்டிய கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனியே நல்ல தீவனம் போடுவது, தாயைக் காப்பாற்றுகிற மலிவான வழி. பால் சுரப்பது நின்றதும் அவளுக்குத் தேவையான தீவனமும் தண்ணீரும் நன்றாகக் குறையும்.

தூராக வளரும் புல்லை 10 சென்டிமீட்டருக்குக் கீழும், படரும் புல்லை 5 சென்டிமீட்டருக்குக் கீழும் கடிக்க விடாதீர்கள். அதற்கும் கீழே போனால் அடுத்த மழைக்குத் துளிர்க்க வேண்டிய சேமிப்பையே மாடு தின்றுவிடுகிறது. எல்லாத் துண்டும் அந்த அளவுக்கு வந்துவிட்டால், தண்ணீருக்கும் நிழலுக்கும் பக்கத்தில் உள்ள ஒரு சிறு துண்டில் மந்தையை அடைத்துக் கைத்தீவனம் போடுங்கள். அந்தத் துண்டு கெடும், மற்றவை பிழைக்கும். மேடுபள்ளமான சரிவை இதற்குத் தேர்ந்தெடுத்தால் முதல் மழையிலேயே மண் அரித்துப் போய்விடும்.

தண்ணீர்

பசும்புல்லில் 75 சதவீதம் நீர். 40 கிலோ பசும்புல் தின்ற மாட்டுக்கு அதிலேயே 30 லிட்டர் கிடைத்துவிடும். அதே மாடு 10 கிலோ காய்ந்த புல் தின்றால் ஒரு லிட்டரோ ஒன்றரை லிட்டரோதான். அதனால் வெயில் ஏறும்போது மட்டுமல்ல, புல் காயும்போதும் குடிநீர்த் தேவை ஏறும். கறவையில்லாத பெரிய மாட்டுக்கு நாளுக்கு 50 முதல் 65 லிட்டர், கன்றுக்குப் பால் கொடுக்கும் பசுவுக்கு 80 வரை, அதிகம் கறக்கும் பசுவுக்கு 100-க்கும் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் தீனி எடுப்பதும் குறையும். காய்ந்த நார் வயிற்றில் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும்.

மொத்த அளவு சரியாக இருந்தும் மாடு தாகத்தில் நிற்பதுண்டு. காரணம், தொட்டி நிரம்பும் வேகம். தண்ணீர் தொலைவில் இருந்தால் மந்தை சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். வலுத்த மாடுகள் முதலில் குடித்துத் தொட்டியைக் காலி செய்யும்; அவை கிளம்பியதும், குடிக்காத சாது மாடுகளும் கூடவே கிளம்பிவிடும். ஆகவே மந்தையின் ஒரு நாள் தேவையில் பாதியாவது ஒரே வருகையில் தொட்டியில் இருக்க வேண்டும், மீதி சில மணி நேரத்தில் நிரம்ப வேண்டும். ஒரு தலைக்கு 60 முதல் 75 சென்டிமீட்டர் விளிம்பு கணக்கிட்டு, பத்தில் ஒரு பங்கு மாடாவது ஒரே நேரத்தில் குடிக்க இடம் விடுங்கள். ஒரே நீளத் தொட்டியைவிடத் தள்ளித் தள்ளி இரண்டு தொட்டிகள் மேல். முரட்டு மாட்டால் ஒரு தொட்டியைத்தான் மறிக்க முடியும்.

தரை மேல் கிடக்கும் கறுப்புக் குழாயில் மதியம் வருகிற தண்ணீர் கொதிக்கும். குழாயைப் புதையுங்கள், முடியாவிட்டால் வைக்கோலோ மண்ணோ போட்டு மூடுங்கள். மிதவை வால்வைத் தினமும் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் ஒரே நாள் வெயிலில் மந்தை விழும். இரண்டு மூன்று நாளுக்கான இருப்பு மேல்தொட்டியில் எப்போதும் இருக்கட்டும். குடிதொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள்.

வற்றிவரும் குளமும் குட்டையும் மூன்று வகையில் ஆபத்து. ஒன்று சேறு: மெலிந்த மாடு தண்ணீர் குடிக்க இறங்கிச் சிக்கிக்கொண்டால் தானாக எழாது. வேலி போட்டு, தண்ணீரைத் தொட்டிக்கு இறைத்துக் கொடுங்கள். இரண்டாவது உப்பு: நீர் ஆவியாக ஆவியாக உப்பு செறியும். கரைந்த உப்பு லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வரை கவலையில்லை. 5,000-ஐத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவைக்கும் கொடுக்கக் கூடாது. 10,000-க்கு மேல் எந்த மாட்டுக்கும் ஆகாது. கோடையின் நடுவில் ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள். மூன்றாவது நீலப்பச்சைப் பாசி: காற்றில்லாத வெயில் நாளில் பச்சைச் சாயத்தைக் கொட்டியதுபோல் நீர்மேல் ஏடு படிந்தால், காற்று ஒதுக்கும் கரைப்பக்கம் அது தடித்திருந்தால், அந்த நீரில் மாட்டை விடவே கூடாது. குடித்த சில மணி நேரத்தில் சாவு வரலாம்.

ஒரு நாளுக்கு மேல் தண்ணீரே இல்லாமல் தவித்த மந்தையை நிறைந்த தொட்டிக்கு அவிழ்த்துவிடாதீர்கள். ஒரேயடியாகக் குடித்தால் மூளை வீங்கி வலிப்பு வரும். சில லிட்டராக, இடைவெளி விட்டு, அரை நாளுக்குப் பரப்பிக் கொடுங்கள்.

காய்ந்த புல்லில் இல்லாதது புரதம்

புல் கண்முன்னே நிற்கும், மாடு மெலிந்துகொண்டே போகும். காய்ந்த புல்லின் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், இரைப்பையில் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் பெருகாது. செரிமானம் மந்தமாகும், வயிறு காலியாகாது, மாடு மேயாமல் நிற்கும். இதைச் சாணமே சொல்லிவிடும். கட்டிகட்டியாக, அடுக்கடுக்காக, உயரமாக நின்றால் புரதம் போதவில்லை. தளர்வாகப் பரவி நடுவில் லேசான குழி விழுந்தால் பரவாயில்லை.

இங்கே பலரும் தானியத்தையோ மாவையோ கொடுத்துப் பார்ப்பார்கள். அது பலன் தராது. மாவுச்சத்து அதிகமானால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் இன்னும் ஒடுங்கும். புல்லைத் தின்பது குறையும். கொடுக்க வேண்டியது புண்ணாக்கு. 400 கிலோ மாட்டுக்கு நாளுக்கு அரைக் கிலோ முதல் 700 கிராம் வரை போதும். தினமும் வைக்க ஆளில்லை என்றால் வாரத்தின் மொத்தத்தை மூன்றாகப் பிரித்து வைத்தாலும் பலன் ஏறக்குறைய அதேதான். எல்லா மாடும் ஒரே நேரத்தில் தின்னும்படி நீளமாகப் பரப்பி வையுங்கள். அகத்தி, கிளைரிசிடியா போன்ற மரத்தழைகளும் உதவும். சூபாபுல் தழையை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். அதிலுள்ள மைமோசின் என்ற நஞ்சு முடியை உதிரச் செய்யும்.

வைக்கோல் கையிருப்பில் இருந்தால் யூரியாவில் ஊறவைக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீர். யூரியாவை ஒரு துகள்கூடத் தங்காமல் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் போட்டுத் தெளித்து, மிதித்து அமுக்கி, பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வையுங்கள். தேவையானதை மட்டும் எடுத்து, காற்றாட விட்டு, காட்டம் குறைந்த பிறகு போடுங்கள். முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். விபத்து நடப்பது பெரும்பாலும் கரைசலை வாளியோடு விட்டுவைத்து மாடு குடிப்பதாலும், யூரியா கலந்த நக்குக் கட்டியில் மழைநீர் தேங்குவதாலும்தான். நடுக்கம், வாயில் நுரை, வயிறு உப்புசம் ஆகியவை ஒரு மணி நேரத்துக்குள் தெரியும். உடனே மருத்துவரை அழையுங்கள். அவர் வரும் வரை, விழுங்கும் நிலையில் உள்ள பெரிய மாட்டுக்கு 2 முதல் 4 லிட்டர் வினிகரைக் குளிர்ந்த நீரில் கலந்து மெதுவாகப் புகட்டலாம்.

உப்பும் தாது உப்புக் கலவையும் நிழலோரம் எப்போதும் இருக்கட்டும். பாஸ்பரஸ் குறைந்த மாடு எலும்பைத் தேடிக் கடிக்கும். செத்த விலங்கின் எலும்பிலிருந்து பாட்டுலிசம் நஞ்சு ஏறி, பின்னங்கால் தளர்ந்து படுத்துவிடும். மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் எலும்புகளைப் பொறுக்கிப் புதைப்பது அரை நாள் வேலை, ஆனால் பலரும் செய்வதில்லை.

வெயில் நேரம்

விடியலுக்கு முன் மேயவிட்டு ஒன்பது மணிக்குள் நிழலுக்குக் கொண்டுவாருங்கள். மாலை வெயில் தணிந்தபின் மறுபடி விட்டு, காவல் இருந்தால் இரவிலும் மேய விடலாம். மாட்டின் உடல் சூடு, வெயிலின் உச்சத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். அதனால் மாலை நான்கு மணிக்கு ‘வெயில் இறங்கிவிட்டது’ என்று ஊசி போடவோ வண்டியில் ஏற்றவோ விரட்டுவது மோசமான நேரம். அந்த வேலையெல்லாம் விடிகாலையில்.

நிழல் ஒரு மாட்டுக்குக் குறைந்தது 4 சதுர மீட்டர். தகரக் கூரையை மூன்று மூன்றரை மீட்டருக்குக் கீழே போட்டால் கூரையே அடுப்பாகிவிடும். மாட்டின் விலாவைப் பார்த்து அரை நிமிட மூச்சை எண்ணி இரட்டிப்பாக்குங்கள். நிமிடத்துக்கு 60 வரை சரி. 80-ஐத் தாண்டினால் கவனம். 120-ஐத் தாண்டி வாய் திறந்து நாக்கு தொங்கினால் அவசரம். அந்த மாட்டை நடத்தக் கூடாது. நிற்கும் இடத்திலேயே நிழல் பிடித்து, தோல் வரை நனையும்படி உடம்பில் தண்ணீர் ஊற்றி, காற்று படச் செய்யுங்கள். பனிபோல் தூவினால் மயிர்மேல் மட்டும் நனைந்து புழுக்கம்தான் கூடும்.

பசிக்குத் தின்னும் நஞ்சு

மழையின்றிக் குன்றி நிற்கும் சோளம்தான் முதல் எதிரி. 60 சென்டிமீட்டருக்குக் குறைந்த பயிரிலும், வெட்டியபின் வரும் மறுதுளிரிலும் சயனைடு அதிகம். தின்ற சில நிமிடங்களில் மாடு விழும். பூத்த பிறகு ஆபத்து குறைவு. நன்றாகக் காயவைத்தால் சயனைடு பெருமளவு போய்விடும். இப்படிக் குன்றிய பயிரில் சேரும் இன்னொரு நஞ்சான நைட்ரேட் அப்படியல்ல, காய்ந்தாலும் தண்டின் அடிப்பாகத்தில் அப்படியே நிற்கும். இரத்தம் பளிச்சென்ற சிவப்பானால் சயனைடு, பழுப்பேறிச் சாக்லேட் நிறமானால் நைட்ரேட். இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு என்பதால், பார்த்த நிறத்தை மருத்துவரிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு எந்தப் புதுப் பயிரிலும் விடாமல், முதலில் வைக்கோல் போட்டு அனுப்புங்கள். வேலியோரத்து அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடியைக் கோடைக்கு முன்பே அகற்றிவிடுவது நல்லது.

தரையோடு மேயும்போது மண்ணும் உள்ளே போகும், அதோடு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமியும் போகலாம். நோய் கண்ட பகுதியாக இருந்தால் முன்கூட்டியே தடுப்பூசி போடுங்கள். திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுப்பு இரத்தம் வழிந்தால் அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள். அரசு கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

முதல் மழை பெய்ததும்

பச்சை தெரிந்தவுடன் திறந்துவிடுவதுதான் பெரிய இழப்பு. புதுத்துளிரில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மாடு அதைத் தேடி நாள் முழுக்க நடந்து, கிடைப்பதைவிட அதிகமாகச் செலவழித்து இன்னும் மெலியும். புல்லும் வேரூன்றுமுன் பிடுங்கப்படும். மழைக்குப் பிந்தைய முதல் வாரத்தில் நைட்ரேட்டும் அதிகம். புல் 15 முதல் 20 சென்டிமீட்டர் வளரும் வரை அடைத்த துண்டிலேயே வைத்துக் கைத்தீவனத்தைத் தொடருங்கள். பிறகு வைக்கோல் தின்ற வயிற்றோடு, முதல் இரண்டு நாள் இரண்டு மணி நேரம் மட்டும் மேயவிட்டு, ஒரு வாரத்தில் முழு நேரமாக்குங்கள். புண்ணாக்கை மேலும் இரண்டு வாரம் கொடுத்து, சாணம் தளர்ந்து பச்சையாகப் போக ஆரம்பித்த பிறகு நிறுத்துங்கள்.