வேலூரில் பாரும் பாட்டும்: உரிமம் கேட்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

மது பரிமாற உரிமம் கையில் வந்துவிட்டால் அதே ஹாலில் டி.ஜே. போடலாம், வாரக் கடைசியில் கச்சேரி வைக்கலாம், கோடையில் மொட்டை மாடிக்கு மேசைகளை ஏற்றலாம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. மது உரிமம் சரக்கை மட்டும்தான் பார்க்கிறது. ஒலிபெருக்கி, பாட்டின் காப்புரிமை, கூட்டம், தீ, சாப்பாடு என ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமும் தனி அதிகாரியும் உண்டு. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இப்படி ஓர் இடம் தொடங்க நினைப்பவர்கள், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கீழே உள்ளவற்றைச் சரிபார்க்க வேண்டும். முன்பணம் கொடுத்தபின் தெரிய வந்தால் திருத்த வழி இருக்காது.

எந்த உரிமம் உங்களுக்கு?

தமிழ்நாட்டில் எல்லாவற்றுக்கும் அடிப்படை 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். அதாவது, தடைதான் பொது விதி. விற்பதும் பரிமாறுவதும் விதிவிலக்கு. இதை மனதில் வைத்தால் மற்ற விதிகள் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பது புரியும். உரிமத்தில் எழுதாத எதையும் செய்யக் கூடாது.

சொந்தமாக ஒரு மதுக்கடை திறக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: முடியாது. மொத்த விற்பனை 1983 முதலும் சில்லறை விற்பனை 2003 முதலும் டாஸ்மாக் கையில். தனியாருக்கு இருக்கும் வழிகள் சில. 1981-ஆம் ஆண்டு மதுபான உரிம விதிகளின்படி மனமகிழ் மன்றங்களுக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3. சுற்றுலா வளர்ச்சிக் கழக ஓட்டல்களுக்கென்று எஃப்.எல்.3ஏ தனியாக இருக்கிறது. நான்காவது வழி, டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரை டெண்டரில் எடுப்பது.

இந்த டாஸ்மாக் பாரைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். டெண்டர் எடுத்தவருக்கு மது விற்கும் உரிமை கிடையாது. தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டிலைச் சேகரிக்கலாம், அவ்வளவுதான். வாடிக்கையாளர் கடையில் வாங்கி வந்து உட்கார்ந்து குடிக்கிறார். பகல் 12 மணிக்கு முன்போ இரவு 10 மணிக்குப் பின்போ பாரிலிருந்து ஒரு குவார்ட்டர் வெளியே போனாலும் அது கள்ள விற்பனை. மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. டெண்டர் தொகையைப் பிளாக்கில் விற்று எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வருபவர்கள் இந்தத் தொழிலுக்கே வரக் கூடாது.

மனமகிழ் மன்றம் என்பது உறுப்பினர்களுக்காக உறுப்பினர்களே நடத்துவது. ஒரு முதலாளி லாபம் பார்க்கும் கடை அல்ல. பதிவு செய்த சங்கம், உறுப்பினர் பதிவேடு, ஆண்டுக் கூட்டம், கேரம், சீட்டாட்டம், பில்லியர்ட்ஸ் போன்ற வசதிகள் எல்லாம் காகிதத்தில் மட்டும் இல்லாமல் நடைமுறையிலும் இருக்க வேண்டும். வாசலில் வரும் யாருக்கும் அன்றைக்கே ஒரு அட்டை எழுதிக் கொடுத்து உள்ளே விட்டால் அது மன்றம் இல்லை, பார். ஆய்வில் முதலில் கேட்பது உறுப்பினர் பதிவேட்டைத்தான். அன்றிரவு போட்ட பில்லில் உள்ள பெயர்கள் அதில் இல்லை என்றால் உரிமம் நிற்காது.

கல்யாண மண்டபத்து வரவேற்பில் ஒரு நாளைக்கு மட்டும் பரிமாற அனுமதி கிடைக்குமா? கிடைக்காது. 2023 மார்ச்சில் எஃப்.எல்.12 என்ற சிறப்பு உரிமத்தைக் கொண்டுவந்தபோது திருமண மண்டபங்களும் அதில் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலிலேயே அவற்றை நீக்கிவிட்டார்கள். சர்வதேச, தேசிய அளவிலான மாநாடுகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் மட்டுமே என்று அப்போதே அது சுருங்கிவிட்டது. “மண்டபத்துக்கும் வாங்கித் தருகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பத்துக்கான பேச்சு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள உதவி ஆணையர் (கலால்) பிரிவில் தொடங்கும், எஃப்.எல். வகை உரிமங்களில் முடிவு சென்னையில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை ஆணையரிடம். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறந்துவிட வேண்டாம். ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை ஆட்சியரின் கீழ், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஆட்சியரின் கீழ். பழைய பத்திரத்தில் வேலூர் மாவட்டம் என்று இருப்பதை அப்படியே விண்ணப்பத்தில் எழுதினால் கோப்பு திரும்பி வரும்.

டேப் பிடித்து அளப்பது

2003-ஆம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகளின்படி டாஸ்மாக் கடையும் அதன் பாரும் கோயில், மசூதி, தேவாலயம், பள்ளி, கல்லூரி ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். நகரமைப்பில் வணிகப் பகுதியாகக் குறித்த இடங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கை நம்பி மட்டும் இடம் பிடிக்காதீர்கள். விதி விட்டாலும் பக்கத்துத் தெருக்காரர்கள் விட மாட்டார்கள், அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஓட்டல், மன்றத்துக்கு இடம் பார்ப்பவர்களும் இதே அளவை முதல் சோதனையாக வைத்துக்கொள்வது நல்லது.

நெடுஞ்சாலை விஷயம் இந்தப் பகுதிக்கு இன்னும் முக்கியம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை சத்துவாச்சாரி வழியாக ஊரை ஒட்டியே போகிறது. திருவண்ணாமலைப் பக்கமும் சித்தூர்ப் பக்கமும் வேறு நெடுஞ்சாலைகள் பிரிகின்றன. பாலு என்பவர் தொடர்ந்த வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்றது. 2017 மார்ச் 31 உத்தரவில், மக்கள்தொகை 20,000-க்கு மிகாத ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. ஓட்டல் பாரும் தடைக்குள் வரும் என்பதும் அன்றே உறுதியானது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற இடங்களுக்கு இந்தத் தடை இல்லை என்று விளக்கம் வந்தது. எனவே சத்துவாச்சாரியில் மாநகராட்சி எல்லைக்குள் உள்ள ஓட்டலும், பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் போகும் வழியில் ஊராட்சிக்குள் உள்ள ஓட்டலும் ஒன்றல்ல. மனை எந்த உள்ளாட்சியில் வருகிறது என்று எழுத்தில் சான்று வாங்குங்கள். அளக்கும்போது சாலையின் நடுக்கோட்டிலிருந்து அளக்கக் கூடாது. நெடுஞ்சாலையின் வெளி விளிம்பிலிருந்து, சர்வீஸ் ரோடு இருந்தால் அதன் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். இந்த ஒரு தவறில் பத்து, பதினைந்து மீட்டர் போய்விடும். நெடுஞ்சாலையில் மது கிடைக்கும் என்று காட்டும் பலகையும் கூடாது.

வரைபடத்துக்குள் மட்டும்

உரிமம் கட்டடத்துக்கு முழுவதும் கிடைப்பதில்லை. விண்ணப்பத்துடன் தரும் வரைபடத்தில் மது வைக்கும் அறையும் பரிமாறும் இடமும் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோட்டுக்குள் மட்டும்தான் உரிமம். புல்வெளி, நீச்சல் குளத்து ஓரம், மொட்டை மாடி எதுவாக இருந்தாலும் வரைபடத்தில் இல்லை என்றால் அங்கே ஒரு கிளாஸ் வைத்தாலும் மீறல். கச்சேரிக்கு மேடை வேண்டும் என்று பின்னால் ஒரு சுவரை இடித்தாலும் திருத்திய வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் இடிக்க வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பத்திலேயே மேடை, நடன இடம், ஸ்பீக்கர் நிற்கும் மூலை, இரண்டாவது வெளிவாசல் எல்லாவற்றையும் வரைந்து கொடுத்துவிடுங்கள்.

ஒலி: வழக்குகள் பிறக்கும் இடம்

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்தான் இங்கே ஆதாரம். காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு. வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், இரவில் 55. குடியிருப்புக்கு 55, 45. அமைதி மண்டலத்துக்கு 50, 40. தனியார் இடத்தில் போடும் ஒலி, அந்த மனையின் எல்லைக்கோட்டில் பகுதியின் அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு 10-க்குப் பிறகு மூடிய அரங்குக்குள் மட்டும்தான். மொட்டை மாடியில் எவ்வளவு மெதுவாக வைத்தாலும் கூடாது.

மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்க விதி இடம் தருகிறது. அப்படி அறிவித்த இடத்தில் இசை போடுவதே குற்றம். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை ஊரின் நடுவே, ஐடா ஸ்கடர் சாலையில் இருக்கிறது. சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ்கள் நிறைய. அவற்றில் தங்குபவர்களில் பலர் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்கள், வட மாநிலங்களிலிருந்து நோயாளியோடு வந்தவர்கள். அறிவிப்பு இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பக்கம் இசை அரங்கு வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இதில் நாங்கள் இரண்டாவது யோசனை சொல்ல மாட்டோம்.

எண்களை நடைமுறையில் பாருங்கள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டரில் 100 டெசிபல் என்றால், திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 80, 100 மீட்டரில் 60. அதாவது நூறு மீட்டர் தள்ளியுள்ள வீட்டில்கூட குடியிருப்புக்கான இரவு அளவைவிட 15 அதிகம். சுவரும் கதவும்தான் மீதியைத் தடுக்க வேண்டும். செங்கல் சுவர் தன் வேலையைச் செய்துவிடும். கசிவது கதவு, ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாக. வேலூர் வெயிலில் ஏ.சி. தாங்கவில்லை என்று பணியாளர்கள் கதவுக்குக் கல் வைத்துத் திறந்து விடுவார்கள், அன்றைக்குத்தான் புகார் போகும். இதற்கு மருந்து இரட்டைக் கதவு: வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் இடையே இரண்டு மீட்டர் இடைவெளி, இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காதபடி தானாக மூடும் கீல், கதவின் அடியில் ரப்பர் பட்டை. ஏ.சி.யை ஆட்கள் நிறைந்த ஹாலுக்குக் கணக்குப் போட்டு வாங்க வேண்டும், காலி ஹாலுக்கு அல்ல.

தாளத்தின் அடி ஒலி சுவரையே அதிரவைத்துக்கொண்டு வெளியேறும். சப் வூஃபரைப் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது. தரைக்கும் அதற்கும் நடுவில் கனமான ரப்பர் மெத்தை போடுங்கள். மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே, ஒலி குறித்த அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர் வைத்து, எல்லைச் சுவரில் மீட்டர் பிடித்துப் பார்த்து அளவை அமைத்து, பெட்டியைப் பூட்டிச் சாவியை மேலாளரிடம் கொடுங்கள். டி.ஜே. கையில் சாவி இருந்தால் பதினோரு மணிக்கு எல்லாம் மாறிவிடும். வாரம் ஒருமுறை எல்லையின் நான்கு மூலையிலும் அளந்து நேரத்தோடு எழுதி வையுங்கள். இரவுக் கட்டுப்பாட்டை மீறினால் இத்தனை டெசிபல் என்று நிரூபிக்காமலே ஒருவர் புகார் தரலாம். அந்தச் சமயத்தில் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் இந்த நோட்டுதான்.

பாட்டு யாருடையது?

கைப்பேசியில் மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டை ஹாலில் போட அந்தச் சந்தா போதாது. வரியும் மெட்டும் ஓர் உரிமை, ஒலிப்பதிவு வேறொரு உரிமை. இரண்டுக்கும் உரிமம் தரும் அமைப்புகள் தனித்தனி. டி.ஜே. என்றால் இரண்டும் வேண்டும். மேடையில் குழு நேரடியாகச் சினிமாப் பாட்டுப் பாடினால் வரிக்கும் மெட்டுக்கும் உரிய உரிமம் வேண்டும். காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் அபராதம். டிசம்பர் 31-க்கு முந்தைய வாரத்தில் நோட்டீஸ் வருவது வாடிக்கை. அக்டோபரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஆபாசப் பாட்டு, ஆபாச ஆட்டம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவில் வரும். டிக்கெட் போட்டால் உள்ளாட்சியின் கேளிக்கை வரியையும் விசாரியுங்கள்.

தீ

2017 டிசம்பரில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் மேல்மாடி பார் எரிந்து 14 பேர் இறந்தார்கள். எரியக்கூடிய பந்தல் துணி, அடைபட்ட வழி. அதே பிழைகளை நம் ஊர் மாடிகளிலும் பார்க்கிறோம்: இரண்டாவது படிக்கட்டில் பீர் கிரேட் அடுக்கி வைப்பது, அலங்காரத்துக்குக் கூரைவரை தெர்மாகோல், வெளிக்கதவு உள்பக்கமாகத் திறப்பது. சாப்பாட்டு ஹாலாகத் தீயணைப்புத் துறையிடம் சான்று வாங்கிவிட்டு மேசைகளை ஒதுக்கி நடன அரங்கு ஆக்கினால், அதே பரப்பில் இரண்டு மடங்கு ஆட்கள் நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்குச் சான்று இல்லை. எத்தனை பேர் என்பதை வாசலிலேயே எண்ணி நிறுத்துங்கள். புகைக்கத் தனி அறை வேண்டும்; ஹூக்காவுக்குத் தமிழ்நாட்டில் இடமே இல்லை.

தினசரி

21 வயது ஆகாதவர்களுக்கு மது கூடாது. காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருப்பதால் இது பேச்சுக்குச் சொல்லும் விதி அல்ல. கல்லூரி அடையாள அட்டையில் பிறந்த தேதி இல்லாமல் போகலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் பார்த்தபின்தான் ஆர்டர். 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை.

சரக்கு டாஸ்மாக் கிடங்கிலிருந்து மட்டும். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் சித்தூர்ப் பாட்டிலும், நண்பர்கள் கொண்டுவரும் புதுச்சேரிப் பாட்டிலும் அலமாரிக்குள் நுழைந்துவிடும். ஒரு பாட்டில் போதும், உரிமம் போக. முத்திரையிட்ட 30, 60 மில்லி அளவைகளையே பயன்படுத்துங்கள். முத்திரையின் காலம் முடிந்ததா என்று அளவையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். பிராந்தி, விஸ்கி வழக்கமாக 42.8 சதவீதம். தண்ணீர் கலந்தால் ஆய்வில் அது அப்படியே தெரிந்துவிடும். பில்லில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி., மதுவுக்கு மதிப்புக் கூட்டு வரி. இரண்டையும் ஒரே வரியில் போடாதீர்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் மதுவும் சேர்ந்தது.

மது விற்கக் கூடாத உலர் நாள்களின் பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே சுவரில் ஒட்டுங்கள்: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வடலூர் வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், மிலாது நபி, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. குடியாத்தம் சிரசுத் திருவிழா, விநாயகர் ஊர்வலம் போன்ற நாள்களில் ஆட்சியர் தனியாகவும் மூடச் சொல்லலாம். தேர்தலில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் மூடல், எண்ணிக்கை நாளும் அப்படியே. உள்ளாட்சித் தேர்தலுக்கும் உத்தரவு வரும். இந்த நாள்களில் பாட்டும் சாப்பாடும் நடத்தலாம் என்றாலும், மது அறையை முதல் நாள் இரவே இருப்பு எண்ணிக் கையெழுத்திட்டுப் பூட்டுங்கள். அன்று கச்சேரிக்கு வருபவர்கள் முன்பதிவு செய்யும்போதே மது கிடைக்காது என்று சொல்லிவிடுங்கள். வாசலில் சண்டை வராது.