திறப்பு விழாவுக்கு மறுநாள்: நகராட்சிக் கட்டடத்தைக் கலை மையமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நகராட்சி அலுவலகம் ஒன்று காலியாகிறது. வரி கட்டும் கவுண்டரும் பதிவறையும் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டன. "பூட்டிப் போடுவதற்குப் பதில் கலை மையமாக்கிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான். அடுத்த கூட்டத்துக்குள் ஒரு படமும் வந்துவிடும்: உயர்ந்த மேடை, சிவப்புத் திரை, முந்நூறு நாற்காலிகள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அது திறப்பு விழா நாளின் படம். மையம் வாழப்போவதோ மற்ற நாள்களில். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு பேர் நாடக ஒத்திகை பார்ப்பார்கள், பக்கத்து அறையில் பிள்ளைகள் நடனம் கற்பார்கள், மாடியில் ஒருவர் தனியாக வயலின் பழகுவார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத்தான் முதலில் இடம் ஒதுக்க வேண்டும்.

பாரிஸ் நகராட்சி இதைக் கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்டது. நகரத்தின் இறுதிச் சடங்குச் சேவை 1870-களிலிருந்து இயங்கிவந்த மாபெரும் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து, 2008-இல் ‘சான்காத்ர்’ என்ற கலை மையமாகத் திறந்தார்கள். பெயரில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. நூற்று நான்கு என்ற கதவு எண்ணைப் பிரெஞ்சில் சொல்வதுதான். கலைஞர்கள் தங்கிப் படைப்பதற்கான இடம் என்பதாகவே தொடக்கத்தில் யோசித்தார்கள். அக்கம்பக்கத்து மக்கள் அவ்வளவாக எட்டிப் பார்க்கவில்லை. 2010-இல் புதிய இயக்குநர் வந்த பிறகு நடுக்கூடத்தைப் பொதுமக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். தெரு நடனக்காரர்களும் சர்க்கஸ் பழகுகிறவர்களும் கட்டணமில்லாமல் அங்கே வந்து பயிற்சி செய்யத் தொடங்கினார்கள். மேடையே இல்லாத அந்த வெறுந்தரைதான் இன்று அந்த மையத்துக்கு அடையாளம்.

முதலில் கை தட்டிப் பாருங்கள்

வரைபடம் போடும் முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. காலி அறையின் நடுவில் நின்று ஓங்கி ஒரு தட்டு தட்டுங்கள். ‘டப்’ என்று நின்றால் நல்லது. ‘டர்ர்ர்’ என்று உதறிக்கொண்டு ஓடினால், எதிரெதிரே இருக்கும் இரண்டு வெற்றுச் சுவர்கள் சத்தத்தைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். வழவழப்பான தரை, பெரிய கண்ணாடி சன்னல், பூச்சுச் சுவர் என்று இருக்கும் கூட்ட அரங்குகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் கேட்கும். மைக்கில் நிதானமாகப் பேசிய காலத்தில் அது யாரையும் உறுத்தியிருக்காது. நாடக வசனத்தை அது கூழாக்கிவிடும்.

இந்தத் தலைவலி புதிதல்ல. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புது விரிவுரைக்கூடம் ஒன்றில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. எழுப்பிய ஒலி அடங்க அங்கே ஐந்து விநாடிக்கு மேல் ஆனது; அதற்குள் பேச்சாளர் பல சொற்களைத் தாண்டியிருப்பார். சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவரச் செய்து, அடுக்க அடுக்க முழக்கம் (எழுப்பிய ஒலி அடங்க ஆகும் நேரம்) எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதில் பிறந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: கூடத்தின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் சுருங்கும். பேச்சுக்கு ஒரு விநாடியை ஒட்டிய முழக்கம் போதும். ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு ஒன்றரை முதல் இரண்டு விநாடிவரை இருந்தால்தான் உயிர் வரும். இரண்டும் ஒரே கூடத்தில் நடக்க வேண்டுமா? சுவரோரம் கனத்த திரைகளை ஓடவிட்டு, வேண்டும்போது இழுத்து மூடவும் ஒதுக்கவும் வழி வையுங்கள். நாடகத்துக்கு மூடலாம், இசைக்கு ஒதுக்கலாம்.

இந்த இடத்தில்தான் மிக ஆபத்தான தவறு நுழைகிறது: "சுவரெல்லாம் ஃபோம் ஒட்டிவிட்டால் சத்தம் வெளியே போகாது." போகும். ஃபோம் அறைக்குள் இருக்கும் முழக்கத்தைக் குறைக்குமே தவிர, பக்கத்து அறைக்குப் போகும் சத்தத்தைத் தடுக்காது. அதைத் தடுப்பது கனமான சுவர், இரண்டு சுவர்களுக்கு நடுவே இடைவெளி, கதவிடுக்கை அடைக்கும் ரப்பர். ஒரு விரற்கடை இடுக்கு போதும், டிரம்ஸ் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மலிவான ஃபோம் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதும் உலகத்துக்குத் தெரியும். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இசை விடுதியில் வாணத்தின் பொறி சுவர் ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். 2013-இல் பிரேசிலின் சான்டா மரியா நகரிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். அங்கே 242 பேர். தீப்பரவல் சோதனைச் சான்று இல்லாத எதையும், அது திரையானாலும் சரி, சுவரில் ஏற்றாதீர்கள்.

தரை தாங்குமா, கால் தாங்குமா

அலுவலகத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 முதல் 300 கிலோ சுமைக்குக் கணக்கிட்டுக் கட்டுவது பல நாடுகளில் வழக்கம். கூட்டம் நெருக்கி நிற்கும் இடத்துக்கு 500 கிலோ வேண்டும், மேடைக்கு அதற்கும் மேலே. இதில் எடை பாதிக் கணக்குத்தான். முப்பது பேர் ஒரே தாளத்தில் விநாடிக்கு இரண்டு முறை குதிக்கும்போது தளத்தின் இயல்பான அதிர்வும் அதோடு சேர்ந்துகொண்டால், சுமை அளவுக்குள் இருந்தாலும் தளம் ஊஞ்சல்போல ஆடும். ஆக, மாடியில் நடன வகுப்பு வைப்பதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரிடம் ‘எவ்வளவு எடை’ என்று மட்டும் கேட்காமல், ‘ஆடினால் என்ன ஆகும்’ என்றும் கேளுங்கள்.

தாங்காது என்று பதில் வந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. மான்செஸ்டரின் ராயல் எக்ஸ்சேஞ்ச் ஒரு காலத்தில் பருத்தி வணிகச் சந்தை. அதற்குள் 1976-இல் நாடக அரங்கம் அமைத்தபோது, அரங்கத்தின் எடையையும் பார்வையாளர்களின் எடையையும் அந்தத் தரை தாங்காது என்று தெரிந்தது. மேற்கூரையின் நடுக்குவிமாடத்தைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களிலிருந்து எஃகும் கண்ணாடியுமான அரங்கத்தைத் தொங்கவிட்டார்கள். எல்லாரும் இப்படிச் செய்ய முடியாது, சரி. ஆனால் கட்டடத்தின் பலவீனத்தை முதலிலேயே கேட்டறிந்ததால் வந்த வடிவம் அது.

அப்புறம் கால். காங்கிரீட் மேல் ஓடு பதித்த தரையில் தினமும் குதித்தால் முழங்காலும் கணுக்காலும் சும்மா விடாது. நடனத்துக்கு, அடியில் ரப்பர் பட்டைகள், மேலே மரச்சட்டம், அதன்மேல் பலகை, எல்லாவற்றுக்கும் மேலே வினைல் விரிப்பு என்று துள்ளும் தரை போட வேண்டும். இது தரையைச் சில அங்குலம் உயர்த்திவிடும். கதவின் அடிப்பகுதி முட்டும், வாசலில் புதுப் படி முளைக்கும், சக்கர நாற்காலி நின்றுவிடும். கடைசியில் யோசித்தால் இப்படித்தான் ஆகும். முதலிலேயே கணக்கில் வைத்தால் ஒரு சிறு சரிவோடு போகும்.

கூரை உயரத்தையும் அப்போதே அளந்துவிடுங்கள். மூன்று மீட்டர் கூரையில் விளக்கைத் தொங்கவிட்டால் ஒளி நடிகரின் உச்சந்தலையில் கொட்டும், மூக்கின் நிழல் வாய்வரை வரும். ஐந்தாறு மீட்டராவது கிடைக்கும் இடம் பெரும்பாலும் பழைய கூட்ட அரங்கு மட்டும்தான். நிகழ்ச்சிக்கு அதை விட்டுவிட்டு, தாழ்வான அலுவலக அறைகளைப் பயிற்சிக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். தலைகீழாகச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

திரைக்குப் பின்னால்

பார்வையாளருக்குச் சாய்தளம் இருக்கும்; மேடைக்கு நான்கு படி இருக்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர் பார்க்க மட்டுமே வருவார் என்று யார் முடிவு செய்தது? மேடை, உடை மாற்றும் அறை, அங்குள்ள கழிப்பறை மூன்றுக்கும் படியில்லாமல் போக முடியவேண்டும். மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பார்வையாளர் கண்ணில் படாமல் போக வழி வேண்டும். அரங்கப் பொருள்கள் உள்ளே வர அகலமான கதவு வேண்டும். கச்சேரிக்கான பெரிய பியானோ அரை டன்னை நெருங்கும். அது ஆள் ஏறும் லிஃப்டில் வராது.

ஏசி பற்றி ஒரு வார்த்தை. நான் பார்த்த ஒரு மையத்தில் மெதுவாகப் பேசும் காட்சி வந்தால் ஏசியை அணைத்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் எல்லார் கையிலும் நிகழ்ச்சி நிரல் விசிறியாகியிருக்கும். அலுவலக ஏசி விசைப்பலகைச் சத்தத்துக்கு நடுவே ஓடப் பிறந்தது. அரங்கில் குழாயின் அகலத்தைக் கூட்டிக் காற்றை மெதுவாக அனுப்பினால் இரைச்சல் அடங்கும். மின்சாரத்தில், விளக்குக்கும் ஒலி அமைப்புக்கும் தனித்தனி இணைப்பு கொடுங்கள். இல்லையென்றால் விளக்கை மங்கவைக்கும் போதெல்லாம் ஸ்பீக்கர் ரீங்காரமிடும்.

அவசர வழிக் கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளிருந்து தள்ளினாலே திறக்க வேண்டும். 1942-இல் பாஸ்டன் இரவு விடுதித் தீயில் 492 பேர் இறந்ததற்கு, சிக்கிக்கொண்ட சுழல் கதவும் பூட்டிக்கிடந்த வழிகளும் உள்நோக்கித் திறந்த கதவும் பெருங்காரணம். அலுவலகமாக இருந்தபோது பெற்ற தீயணைப்பு அனுமதி அரங்குக்குச் செல்லாது. பயன்பாடு மாறினால் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். பழைய கட்டடமென்றால் சுவரில் ஆணி அடிக்கும் முன் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

சாவி யாரிடம்

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இடித்துக் கட்டிவிட வேண்டும் என்ற அவசரமும் ஒரு தவறுதான். லண்டனில் 1893-இல் திறந்த பேட்டர்சீ நகரமன்றக் கட்டடம் 1970-களில் கலை மையமானது. இந்த நூற்றாண்டில் அதைப் புதுப்பித்தவர்கள், அறை அறையாக நிகழ்ச்சி போட்டுப் பார்த்து, எது வேலை செய்கிறது என்று கண்டபிறகே அடுத்த மாற்றத்துக்குப் போனார்கள். புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்த 2015 மார்ச்சில் பெரிய கூடம் தீப்பிடித்துக் கூரை விழுந்தது. 2018-இல் மறுபடி திறந்தது. பழைய பூச்சுக் கூரையை அப்படியே நகலெடுக்காமல், அதன் பூவேலைக் கோலத்தை மரச் சட்டகத்தில் வெட்டி, இடைவெளிகளோடு தொங்கவிட்டார்கள். விளக்குக்கும் ஒலிக்கும் அந்த இடைவெளிகளே உதவுகின்றன.

கடைசியாக, கட்டடப் பணத்தைத் திரட்டுகிறவர்கள் நடத்தும் பணத்தை மறந்துவிடுகிறார்கள். கட்டும் நிதி ஒருமுறை வரும். மின் கட்டணம், துப்புரவு, ஒலி ஒளித் தொழில்நுட்பர் சம்பளம், விரிப்பு கிழிந்தால் மாற்றும் செலவு எல்லாம் மாதாமாதம் வரும். இடம் நகராட்சியுடையது, நடத்துவது கலைக்குழுக்கள் என்றால் எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம், கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, நகராட்சிக் கூட்டங்களுக்காக ஒத்திகையை ரத்து செய்யலாமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சாவி விஷயமும்தான். அலுவலகக் காவலர் ஆறு மணிக்குப் பூட்டிவிட்டுப் போனால், வேலை முடிந்து ஏழு மணிக்கு ஒத்திகைக்கு வரும் நாடகக் குழு வாசல்படியில்தான் வசனம் பேசிக்கொண்டிருக்கும்.