உதகைக்கு மனு கொடுக்கச் செல்வோர் கவனத்திற்கு

நீலகிரி மாவட்டத்தின் தலைநகரான உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கச் செல்பவர் சமவெளிக் கணக்கில் நேரத்தைத் திட்டமிடக் கூடாது. கூடலூர்க்காரர்கள் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடக்க வேண்டும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்புவது நல்லது. மேட்டுப்பாளையத்திலிருந்து வருபவர்கள் பேருந்தில் ஏறுங்கள். 1908-இல் உதகையை எட்டிய மலை ரயில் காலையில் புறப்பட்டாலும் நண்பகலில்தான் வந்து சேரும், அது வேடிக்கை பார்க்கச் சரி, அலுவலுக்கு ஆகாது. வெளிமாவட்டப் பதிவெண் கொண்ட சொந்த வண்டியானால், 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலம் தொடர்பான மனுவென்றால் கிராமம், வட்டம், சர்வே எண் ஆகியவற்றை முதல் பத்தியிலேயே எழுதி, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மைப்பேனாவைத் தவிர்த்துப் பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். மூடுபனியின் ஈரத்தில் மை ஊறிவிடும்.