இறால் குஞ்சுகளைப் பிடிக்க ஒரு டார்ச் போதும்

உப்புநீர்த் தொட்டியில் பெப்பர்மின்ட் இறாலின் முட்டைகளுக்குள் கண்கள் தெரிய ஆரம்பித்தால், அன்றிலிருந்து இரவில் விளக்கை அணைத்ததும் பம்ப், ஃபில்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு மூலையில் மட்டும் கண்ணாடியோடு ஒட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். முட்டை பொரிந்திருந்தால் குஞ்சுகள் அங்கே வந்து மொய்க்கும். கப்பால் தண்ணீரோடு மொண்டு தனித் தொட்டிக்கு மாற்றிவிடலாம். வலை வேண்டவே வேண்டாம், அந்த மெல்லிய கால்கள் ஒடிந்துவிடும்.

இவை பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் பொரியும், பொரிந்ததுமே வெளிச்சத்தைத் தேடி நீந்தும். பம்ப் ஓடினால் அதற்குள் போய்விடும், மிஞ்சியதை மீன்கள் தின்றுவிடும். பிடித்து முடித்ததும் பம்பை மறக்காமல் போடுங்கள், மீன்களுக்கு ஆக்சிஜன் வேண்டும்.

அறையில் வேறு விளக்கு எரிந்தால் இது சரிவராது. நன்னீர் செர்ரி இறாலுக்கு இது தேவையே இல்லை. அதன் குஞ்சுகள் பெரிய இறாலின் வடிவத்திலேயே பிறந்து அடியில் தங்கிவிடும்.