52-லிருந்து 27 போனால் 35: டீச்சராகப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வாசிப்பு

கடலூர் முதுநகர்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளிக்குப் போன வருடம் கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பெண் வந்திருந்தார். பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம் படிப்பவர். வகையீடும் தொகையீடும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாம் வகுப்பில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னார், ஒரு பையன் 35 என்று எழுதினான். தப்பு போட்டுவிட்டு, கடன் வாங்கிக் கழிப்பதைக் கரும்பலகையில் மறுபடி செய்து காட்டினார். பையனும் ஒழுங்காகப் பார்த்து எழுதிக்கொண்டான். அடுத்த கணக்கு 64 − 38. விடை 34.

நான் பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிடா போட்ட, சொல்லு" என்றேன். "ரெண்டுல ஏழு போவாது டீச்சர், அதான் ஏழுலேருந்து ரெண்ட எடுத்துட்டேன். பெருசுலேருந்துதான சின்னதக் கழிக்கணும்?" என்றான். அவனுக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான், ஒன்றாம் வகுப்பில்! அவன் கவனமில்லாமல் எழுதவில்லை, நாங்கள் சொன்னதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறான்.

ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் முதல் தாளில் 150 கேள்வி, அதில் கணக்குக்கு 30, தமிழுக்கு 30. அதற்கு வழிகாட்டி நூல்கள் கடை கடையாகக் கிடைக்கின்றன, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வருவது, தேர்வில் தேறி வகுப்புக்குள் நுழைந்த அன்று கையில் என்ன இருக்க வேண்டும் என்பது. கடலூரானாலும் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரானாலும் பிள்ளைகள் செய்யும் தப்புகள் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தத் தப்பு எங்கிருந்து முளைக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பையனுக்கு என்ன செய்தோம்? துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதுல இருபத்தேழு குச்சி குடு" என்றேன். இரண்டு கட்டை நீட்டினான், ஏழு உதிரிக்குத் தேடினான், இரண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, அவனாகவே ஒரு கட்டை அவிழ்த்தான். அந்த அவிழ்ப்புதான் பாடப்புத்தகத்தில் இனமாற்றம். 'கடன்' என்று சொல்லாதீர்கள் என்பது என் கட்சி, கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று ஒரு பெண் குழந்தை என்னைக் கேட்டிருக்கிறாள். முதலில் கையில் குச்சி, பிறகு தாளில் குச்சிப் படம், கடைசியில்தான் எண். உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்ன செயல், உருவம், குறியீடு என்ற மூன்று நிலைகள் இவைதான். நாம் பெரும்பாலும் மூன்றாவதில் ஆரம்பித்துவிட்டு, பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்கிறோம்.

இடமதிப்பில் இன்னொரு பள்ளம், 'நூற்றைந்து' எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவது. காதில் விழுவது நூறு, அப்புறம் ஐந்து, அதனால் 100 எழுதிப் பக்கத்தில் 5. தமிழில் இருபத்தொன்று, முப்பத்திரண்டு எல்லாம் பத்து முதலில், ஒன்று பிறகு என்று எழுதும் வரிசையிலேயே வருவது நமக்கு ஒரு வசதி. ஆனால் 89-க்கு அப்புறம் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பல பிள்ளைகள் நூறுக்குத் தாவிவிடும். தொண்ணூறு என்ற பெயரிலேயே நூறு ஒளிந்திருக்கிறது, அதன் தலையில் ஒன்பதும் இல்லை. அதைத் தனியாக நிறுத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டும், தொள்ளாயிரத்துக்கும் இதே கதை.

இதற்கெல்லாம் முன்னால் எண்ணுதல். ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கிற குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். ஏழு புளியங்கொட்டையை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் "அப்ப மொத்தம் எத்தன?" என்று கேளுங்கள். ஏழு என்று சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அந்தக் குழந்தைக்கு இன்னும் பிடிபடவில்லை. ஜெல்மன், காலிஸ்டெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் எண்ணுதலுக்கு ஐந்து விதிகள் சொன்னார்கள், அதில் ஒன்று இது. அதே கொட்டைகளைக் கொஞ்சம் பரப்பி வைத்தால் "இப்ப நெறைய இருக்கு" என்று சொல்லும் குழந்தையும் உண்டு. அது குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காட்டியது. திட்டி மாற்ற முடியாது, பரப்பிக் குவித்து விளையாட விட்டால் தானாக மாறும்.

சமக் குறியையும் கவனியுங்கள். 8 + 4 = ☐ + 5 என்று எழுதினால் பெட்டிக்குள் 12 வரும். சமக் குறி என்றால் 'விடையை இங்கே எழுது' என்று பிள்ளை புரிந்துவைத்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று அல்ல. 7 = 3 + 4 என்று அவ்வப்போது திருப்பிப் போட்டுக் காட்டினால் போதும். வகுத்தலில் 12 இட்லியை மூன்று பேருக்குப் பங்கு போடுவதும், தட்டுக்கு மூன்று வீதம் வைத்தால் எத்தனை தட்டு என்பதும் வேறு வேறு கேள்வி, விடை மட்டும் ஒன்று. இரண்டையும் செய்து காட்டுங்கள். பின்னத்தில் எட்டு பெரிது, அதனால் 1/8 பெரிது என்பார்கள். அதற்குப் பாட்டி கணக்கே மருந்து: காலில் அரை அரைக்கால், அதாவது 1/4-இல் பாதிதான் 1/8. ஒரு தாளை மடிக்கச் சொன்னால் பெயரும் அளவும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும்.

சரி, வாசிப்பு. எனக்குக் கணக்கைவிட இதுதான் கவலை, ஏனென்றால் வாசிக்கத் தெரியாத பிள்ளை கணக்குக் கேள்வியையும் வாசிக்காது. கஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் சொன்ன ஒரு எளிய வாய்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டின் பெருக்கல்தான் வாசிப்பு. பெருக்கல், கூட்டல் அல்ல. ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

முதல் பாதியில் நம் பிள்ளைகள் எங்கே சிக்குகிறார்கள்? 'படம்' என்ற சொல்லை ஒரு குழந்தை வாசிப்பதைக் கேளுங்கள்: "ப... ட... இம்." பிறகு நம் முகத்தைப் பார்க்கும். மெய்யைத் தனியாக உச்சரிக்க வாய்க்கு ஒரு முட்டு வேண்டும் என்பதற்காக இக், இங், இச் என்று சொல்லிப் பழக்கினோம். அந்த 'இ' சொல்லுக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. க, இப், ப, இல் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்குக் கப்பல் தெரியும்? மெய்யைத் தனியாக விடாமல் முன் எழுத்தோடு சேர்த்துவிடுங்கள்: கப்-பல், பட்-டம், தங்-கம். கைதட்டிச் சொன்னால் இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரியும். தங்கத்தில் 'க' வேறு ஒலி, பகலில் வேறு ஒலி என்பதற்கெல்லாம் விதி சொல்லப் போகாதீர்கள், சொல்லாக வாசிக்கும்போது காதே திருத்திக்கொள்ளும்.

அடுத்தது கொம்பு. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. 'கொ' வந்தால் இரண்டு பக்கமும் குறி, துணைக்காலை 'ர' என்று நினைத்துக் கொடியைக் "கெரடி" என்று வாசித்த பிள்ளைகளை நான் எண்ணி மாளாது. அட்டையில் க, ப, ம எழுதி, கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டாக வெட்டிக் கொடுங்கள், அவர்களே பொருத்தி வாசிக்கட்டும். உகர வரிசையைக் கடைசிக்குத் தள்ளுவேன் நான். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம், பொதுக்குறி கிடையாது, குடை, முட்டை என்று சொல்லோடு பழகுவதுதான் வழி. வீட்டில் தாத்தா பழைய 'னை'யை எழுதிக் காட்டியிருந்தால் கோபப்படாதீர்கள், 1978-இல்தான் தமிழக அரசு அந்த வடிவத்தை மாற்றியது.

வேகத்தைப் பொறுத்தவரை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'வந்துகொண்டிருந்தார்கள்' நமக்கு ஒரே சொல். திக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிக்கிறதா என்று பாருங்கள். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பது இதற்கு உதவும். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விடுங்கள், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

இரண்டாம் பாதி, புரிதல். போன மாதம் மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் முந்திரிக்கொட்டை உடைப்பது பற்றிய பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தான், கேள்வி கேட்டால் ஒன்றும் வரவில்லை. அதே பையனுக்கு வலை இழுப்பது பற்றி நானே பத்து வரி எழுதிக் கொடுத்தேன். தட்டுத் தடுமாறித்தான் வாசித்தான். முடித்ததும் புத்தகத் தமிழில் கேட்காமல், "என்னடா நடந்துச்சு, சொல்லு" என்றேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "ஆனா டீச்சர், அந்த நேரத்துல காத்து அப்படி அடிக்காது, தப்பா எழுதிருக்கீங்க" என்றான்.